வினையும் விசாரணையும்

புகையிலையைப் பல்லாண்டுகள் கன்னத்தில் அதக்கிப் பழகிய ஒருவருக்கு, நாவின் ஓரத்தில் ஒரு புற்றும், அதே சமயத்தில் தொண்டையின் அடியில் அதனின்றும் வேறான மற்றொரு புற்றும் காணப்படுமாயின், "செய்த வினை சும்மா விடுமா?" என்று உறவினர் முணுமுணுப்பது நம் நாட்டில் அபூர்வமன்று. துன்பத்துக்குக் காரணம் உண்டு என்பதனாலேயே துன்புறுவோர்மீது தீர்ப்பளிக்கும் அதிகாரம் நமக்கு வந்துவிடுகிறதா என்பது இங்கே சிந்திக்கத்தக்கது.

காரணத்தை வைத்திய சாஸ்திரமும் மறுப்பதில்லை. 1953ஆம் ஆண்டில் ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும், வாய்ப்புற்று கண்ட 783 பேரை ஆராய்ந்து, கட்டியைச் சூழ்ந்து கண்ணுக்குக் குறையற்றதாய்த் தோன்றும் சவ்வும் மாறுதலுற்றிருப்பதைக் கண்டு, நஞ்சு தீண்டிய பரப்பு முழுவதுமே நோய்க்குப் பக்குவப்பட்டிருக்கக் கூடும் என்று கூறினர். பலனாக இன்னும் முதிராமல் குவிந்து கிடக்கும் வினையைச் சஞ்சிதம் என்று வழங்கிய நம் முன்னோருக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றியிராது.

ஆயினும் அவ்வறிவைக் கொண்டு மருத்துவர் செய்வது நிந்தனையன்று, தேடல். ஒரு புற்றைக் கண்டதும் நின்றுவிடாமல், நாவைத் தூக்கி அதன் அடிப்புறத்தையும், ஈறுகளையும், கன்னத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்து, குரல்வளையையும் உணவுக்குழாயையும் கருவி செலுத்தி நோக்குகிறார். இரண்டாவது கட்டி முதலாவதன் பரவலா, தானே தோன்றியதா என்று பகுத்தறிவதற்கு வாரன், கேட்ஸ் என்ற ஆய்வாளர் இருவர் 1932லேயே விதிகள் வகுத்தனர். தனித்தனியே குணப்படுத்தத்தக்க இரண்டை ஒன்றின் பரவல் என்று பிழையாகக் கொண்டால், நம்பிக்கைக்கு இடமிருக்கும்போதே நோயாளி கைவிடப்படலாம். பின்னர், உயிருக்கு முந்தி ஊறு செய்வது எது, ஒரே அறுவையிலோ ஒரே கதிர்வீச்சிலோ இரண்டையும் அடக்க இயலுமா, பேச்சும் விழுங்கும் ஆற்றலும் எவ்வளவு எஞ்சும் என்பனவற்றைப் பல துறை மருத்துவர் கூடி ஆலோசிக்கின்றனர்.

உறவினரின் தர்க்கமோ இதற்கு நேர்மாறானது. காரணத்தைக் கண்ட மாத்திரத்தில் அது விசாரணையை முடித்துவிடுகிறது. புகையிலையைத் தொட்டே அறியாதவருக்கும் இந்நோய் வருவதையும், ஆயுள் முழுதும் மென்றவர் சிலர் நோயின்றி மூப்பெய்துவதையும் காணும் நாம், பிறருடைய வினைக்கணக்கைப் படித்துவிட்டதாகச் சொல்வது எப்படி?

பலன் தரத் தொடங்கிவிட்ட வினையாகிய பிராரப்தத்தை அனுபவித்தே தீரவேண்டும் என்ற சாஸ்திரம், இப்போது செய்யும் வினையாகிய ஆகாமியத்தையும் உடன் வைத்தது. புகையிலையை விட்டொழிப்பவருக்குப் புதிய புற்று தோன்றும் அபாயம் குறைகிறது என்பதால், நோயாளிக்கும் ஆகாமியத்தின் வாசல் அடைபடவில்லை. அவருடைய கட்டிலருகே நிற்கும் நமக்கும் அது திறந்தே இருக்கிறது. விழுங்க முடியாதவருக்குக் குழாய் வழியே கஞ்சி ஊட்டுவதும், ஊட்டாமல் வினையைப் பேசிக்கொண்டிருப்பதும் அவருடைய கணக்கில் அல்ல, நம்முடைய கணக்கிலேயே ஏறும்.