அமிலம் எழுப்பும் கத்தி

காலைக் காபிக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை. கேட்டால் ‘கேஸ் மாத்திரை’ என்பார்கள். சீட்டில் ஒமிப்ரசோல் என்றோ பேண்டோபிரசோல் என்றோ இருக்கும். நடு இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவரிடம் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

அது அமிலத்தைக் குறைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே பெப்சினும் அடங்கிப்போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1836-இல் தியோடர் ஷ்வான் கண்டறிந்த நொதி அது. புரதத்தை வெட்டுவது அதன் தொழில். வயிற்றுச் சுவரும் புரதம்தானே! அதனால் உடல் இந்தக் கத்தியை உறையோடுதான் சுரக்கிறது. பெப்சினோஜன் என்று அதற்குப் பெயர். உறையைக் கழற்றுவது அமிலம். பிஎச் அளவு 2-ஐ ஒட்டி இருந்தால் பெப்சின் மும்முரமாக வெட்டும். 4-ஐத் தாண்டி அமிலம் தளர்ந்தால் சோர்ந்துவிடும். மாத்திரை நொதியைத் தொடுவதே இல்லை. அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கிறது, அவ்வளவுதான். அரிப்பு ஓய்ந்த அந்த இடைவெளியில் வயிற்றுப் புண்ணை மூடுவது உடலின் சொந்த வேலை.

அப்படியானால் தின்ற முட்டையும் பருப்பும் என்னாகும்? செரிக்கும். புரதத்தின் பெரும்பகுதியைச் சிறுகுடலில் கணைய நொதிகள் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலமும் பெப்சினும் வேண்டும். வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களுக்கு, அதிலும் பாலையும் தயிரையும் மட்டுமே நம்பும் சைவர்களுக்கு, அது குறைந்துபோகலாம்.

என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது வேறொன்று. இந்த மாத்திரையும் உறங்கியபடியேதான் உள்ளே போகிறது. பெப்சினை எழுப்பும் அதே அமிலம்தான், சுரக்கும் இடத்திலேயே இதையும் எழுப்புகிறது. சாப்பாடு பம்புகளை முடுக்கும் நேரத்தில் மருந்து தயாராக இருக்கவேண்டும் என்றுதான் அந்த அரை மணிக் கணக்கு. அமிலம் இல்லாவிட்டால் அமிலத்தை அடக்கும் மருந்துக்கும் வேலை இல்லை. எதிரி என்று எத்தனை காலமாக அந்த அமிலத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஆனால் பல வயிற்றுப் புண்களுக்கு மூலம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அல்லது நாம் விழுங்கும் வலி மாத்திரை. கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க மருத்துவர் பாரி மார்ஷல் 1984-இல் அதைத் தானே குடித்துப் பார்த்தார். 2005-இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் பெற்றார்.

எட்டு வாரத்துக்கு எழுதிய சீட்டு உங்கள் வீட்டில் எட்டு வருடமாக ஓடுகிறதா? இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் போட்டதைச் சட்டென்று விட்டால், அமிலம் சில வாரம் முன்னைவிடக் கூடுதலாகவே சுரக்கும்.