பூசை நின்ற கோயிலில் இறைவன் இருக்கிறானா?

காட்டுக்குள் பூசையின்றி நிற்கும் சிவன் கோயிலில் சிவன் இருக்கிறானா? முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கம்போடியாவுக்கும் லாவோசுக்கும் தமிழ் இளைஞர்கள் போய்வரும் காலம் இது. கேள்வியை ஏட்டோடு நிறுத்திவிட முடியாது. சியெம் ரீப் நகரிலிருந்து வண்டி பிடித்துப் பந்தியாய் ஸ்ரீ கோயில் வாசலில் இறங்குகிறவர் கைகூப்ப வேண்டுமா, படமெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டுமா, ‘எங்கள் முன்னோர் தந்தது’ என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டுமா? நம் மரபு இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. பூசை தவறினால் தவறிய காலத்துக்கேற்பப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும், நெடுங்காலம் நின்றுபோனால் மறுபடியும் பிரதிட்டை செய்ய வேண்டும் என்பது ஆகமத்தின் விடை. அதாவது, கவனிப்பாரற்ற மூர்த்தியில் இறைவனின் முன்னிலையான சாந்நித்தியம் குன்றிவிடும். எங்கும் நிறைந்தவன் எங்கே போய்விடுவான் என்று கேட்பது பக்தியின் விடை. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் காட்டுக் கோயிலைப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் கருத்து.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். விருத்தகிரீசுவரர் கோயிலில் இருபத்தெட்டு ஆகமங்களின் பெயரால் 28 லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன; முருகன் வழிபட்டவை என்பது தலபுராணம். விதிநூலையே மூர்த்தியாக்கித் தொழும் தலம் அது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூலவரின் அருட்சக்தியைக் கும்பத்து நீரில் எழுந்தருளச் செய்து வேறிடத்தில் வைத்துப் பூசிக்கச் சொல்கிறது அந்த விதி. வேலை முடிந்ததும் குடமுழுக்கில் அது திரும்பச் சேர்க்கப்படும். விருத்தாசலத்தில் 2022-இல் நடந்த குடமுழுக்கும் இந்த முறைப்படிதான். இதற்குள் இருக்கும் துணிச்சலை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மூலவர் கருவறையை விட்டு வெளியே வந்து தங்குவார், மறுபடி உள்ளே போவார்; அழைப்பதும் அனுப்புவதும் மனிதர் கை நீரால் நடக்கும். கட்டடமும் அப்படித்தான். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடிய பிறகு, 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி இதைக் கற்றளியாக எடுப்பித்தார். மூவர் கண்ட சுவர் இன்று இல்லை. ஆனாலும் அவர்கள் பாடிய கோயில் இதுதான் என்பதில் எந்த அடியவருக்கும் ஐயமில்லை. கல் மாறியும் கோயில் மாறவில்லை என்றால், கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது கல்லின் வயது ஆகாது.

இத்தலத்தில் வழங்கும் குரு நமசிவாயர் கதையும் இதையே சொல்கிறது. பசியோடு வந்தவர் பெரியநாயகி அம்மனைக் கிழத்தி என்று பாடி அன்னம் கேட்டார். கிழவியாகவே வந்து நின்ற அம்மன், இந்த வயதில் நான் எப்படிச் சோறு சுமந்து வருவேன் என்றாள். அவர் இளமை தோன்ற மாற்றிப் பாட, இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்தாள். பாலாம்பிகை சந்நிதிக்கு இக்கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பழமையை மட்டுமே தேடிப் பயணம் போகிறவர்கள் ஊன்றி யோசிக்க வேண்டிய கதை இது. தெய்வம் எந்த முகத்தோடு வரும் என்பது அழைப்பவரையும் பொறுத்திருக்கிறது.

செம்பியன் மாதேவி வாழ்ந்த அதே காலத்தில், கி.பி. 967-இல், கம்போடியாவின் கெமர் அரசவையின் குருவான யக்ஞவராகர் பந்தியாய் ஸ்ரீ கோயிலைச் சிவனுக்கு எடுப்பித்தார். மாதேவியின் கோயில்களில் ஆடவல்லான் சுவர் மாடத்தில் இடம்பெற்றார். பந்தியாய் ஸ்ரீயின் முகப்பிலும் ஆடவல்லான் இருக்கிறார். அவர் அடியருகே மெலிந்த உடலோடு அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஒரே தலைமுறையில், ஒரே தெய்வத்துக்கு, கடலின் இரு கரைகளில் எழுந்த கோயில்கள். ஒன்றில் அடுத்தடுத்து விளக்கேற்ற ஆள் இருந்தது. மற்றதைக் காடு மூடியது. 1923-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ அங்கிருந்து தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். தொழுவதற்கு ஆள் இருந்த கோயிலில் பட்டப்பகலில் அப்படிப் பெயர்த்திருக்க முடியுமா? சாந்நித்தியம் குன்றும் என்று ஆகமம் சொல்வதன் கண்கண்ட பொருள் எனக்கு இதில் தெரிகிறது. இறைவன் ஓடிவிடுவதில்லை. அவன் முன்னிலையில் இருக்கிறோம் என்று நடந்துகொள்ள ஒருவரும் இல்லாமல் போகிறார்கள்.

இங்கே பக்தியின் மறுப்பு வலுவாகவே எழும், அதுவும் அம்மையார் வாயிலாகவே. அவர் கண்ட இறைவன் ஆடுவது சுடுகாட்டில். ஈமத்தீயும் பேயும் போதும் அவனுக்கு. குடமுழுக்கு எதற்கு, அர்ச்சகர் எதற்கு? இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க மனமின்றித் தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் தலையால் நடந்த திருவாலங்காட்டை மிதிக்க அஞ்சினார் சம்பந்தர். இறைவன் எங்கும் உள்ளான் என்பதை இவர்களைவிட அறிந்தவர் யார்? அப்படி அறிந்தவர்களே ஓரிடத்தில் கால் வைக்கத் தயங்கினார்கள். எங்கும் உள்ளவனுக்கு இடம் தேவையில்லைதான்; அவனை மறந்துவிடும் இயல்புள்ள நமக்கு இடமும் தேவை, அங்கே நடந்துகொள்ளும் முறையும் தேவை. கோயில் அந்த முறைக்காகக் கட்டப்பட்டது.

அப்படியானால் காட்டுக் கோயில்கள் எல்லாம் செத்துப்போனவை என்று முடித்துவிடலாமா? கூடாது. ‘காட்டில் தொலைந்துபோன நகரம்’ என்ற பேச்சே, 1860-இல் கெமர் அரசின் பழைய தலைநகரான அங்கோருக்குப் போன பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோவின் பயணக் குறிப்புகள் ஐரோப்பாவில் பரவியதால் பெருகியது. அவர் போனபோது அங்கோர் வாட்டில் பௌத்தத் துறவிகள் இருந்தார்கள். 1632-இல் அங்கே வந்த ஜப்பானியர் ஒருவர், தம் பெற்றோருக்காகப் புத்தர் சிலைகளை வைத்ததாகத் தூணில் மையால் எழுதிவைத்திருக்கிறார். தொலைந்துபோன இடத்துக்கு யாத்திரிகர் எப்படி வந்தார்? மண்ணுக்குள்ளிருந்தும் சான்று வந்திருக்கிறது. மர வீடும் ஓலைக்கூரையும் மக்கிப்போகும், சூளையில் வெந்த மண் மக்காது. அங்கோர் வாட் மதிலுக்குள் கிடைத்த பானை ஓடுகளையும் அடுப்புக் கரியையும் வைத்து, இடையில் ஒரு தொய்வு இருந்தாலும், 17, 18ஆம் நூற்றாண்டு வரை மக்கள் அங்கே குடியிருந்ததை அகழாய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். அங்கோரின் தா ப்ரோம் கோயிலை மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் காட்சியும் தானாகத் தங்கிவிடவில்லை. கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று பிரெஞ்சு அறிஞர்கள் அதை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். நாம் படமெடுத்து வியக்கும் பாழ், பாதுகாத்துப் பேணப்பட்ட பாழ்.

இன்றும் அங்கோர் வாட்டின் மேலைக் கோபுரத்தில் எண்கரத் திருமால் சிலைக்குக் கெமர் மக்கள் பூவும் ஊதுவத்தியும் வைக்கிறார்கள். ‘தா ரீச்’ என்று அழைக்கிறார்கள். லாவோசில், லிங்க பர்வதம் என்று போற்றப்பட்ட மலையின் சரிவிலுள்ள வாட் பூ சிவாலயத்தில் புத்தர் வீற்றிருக்கிறார், ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. தெய்வத்தின் பெயரே மாறிவிட்டதே, இதை எப்படித் தொடர்ச்சி என்பது என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கிறவர் நம் சேலத்தை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாகத் தொழப்பட்ட சிலை புத்தருடையது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலை யாருடையது என்ற உண்மை வெளிவரத்தான் வேண்டும். புத்தர் மறக்கப்பட்டதை நியாயப்படுத்த முடியாது. ஆயினும் அந்தச் சிலையின் முன் கும்பிட்டு நின்ற ஏழை எளியவர்களின் வேண்டுதல் பொய்யாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் காட்டும் அதே மதிப்பைத் தா ரீச்சின் முன் மண்டியிடும் கெமர் மூதாட்டிக்கும் காட்ட வேண்டும். வரலாற்றின் பெயரால் அவரிடமிருந்து திருமாலை நாம் திருப்பிக் கேட்க முடியாது. நாம்தான் கொடுத்தோம், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்ற கணக்கும் சரியில்லை. காம்போச அரசர் அன்பளிப்பாக அனுப்பிய கல் ஒன்றைக் குலோத்துங்க சோழன் 1114-இல் சிதம்பரம் கோயிலில் பதிப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. விருத்தாசலத்துக்குப் பக்கத்துத் தலத்திலேயே கெமர் நாட்டின் காணிக்கை இருக்கிறது.

இவற்றைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு; அதற்கு முழு விடை சொல்லிவிட்டதாக நான் நினைக்கவில்லை. பூசை நின்ற பந்தியாய் ஸ்ரீயில் சிற்பங்கள் நேற்றுச் செதுக்கியவைபோல் கூர்மையாக இருக்கின்றன. பூசை நடக்கும் நம் கோயில்களிலோ, திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சால் கல்வெட்டுகள் தேய்ந்தன, கருங்கல் தளத்தின்மேல் பளிங்கு ஓடு பதிந்தது, சிற்பங்களுக்கு வண்ணம் பூசப்பட்டது. வழிபாட்டைவிடத் தொல்லியல் துறையின் வேலியே நல்ல காவல் என்று ஒருவர் சொன்னால், இழந்த கல்வெட்டுகளை எண்ணி வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்த அழிவு மரபின் கட்டளை அல்ல. உறுப்பும் இலக்கணமும் தெரியும் நிலையிலுள்ள கோயிலை அதன் சொந்தப் பொருளாலேயே செப்பனிட வேண்டும் என்று மயமதம் என்ற சிற்பநூல் சொல்கிறது. தெய்வத்தின் முன்னிலையில் இருக்கிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவர் முன்னோர் வெட்டிய எழுத்தின்மேல் மணலை வீசமாட்டார். பூசை இருந்தும் அந்த நினைவு போய்விட்ட கோயிலில், காட்டுக் கோயிலில் நேர்ந்ததைவிடப் பெரிய இழப்பு நேர்கிறது.

கம்போடியாவுக்குப் பையைக் கட்டும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். போய்வாருங்கள், அம்மையாரை அங்கே கண்டால் கைகூப்புங்கள். அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு வரச் சொல்வதைச் சுற்றுலா விதியாக மட்டும் எண்ணாதீர்கள். சொந்தம் கொண்டாடும் பேச்சை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ஆயிரம் ஆண்டுப் பொறுப்பைச் சுமந்து நிற்பவர்கள் அந்த நாட்டு மக்கள். நம் பொறுப்பு இங்கே இருக்கிறது. ஒருகால பூசைத் திட்டத்தில் அரசு தரும் வைப்பு நிதியின் வட்டியை நம்பி விளக்கெரியும் கோயில்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். பயணத்துக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை அதற்கு எடுத்துவையுங்கள்.