விசாரிப்பது அவிசுவாசமா?



இந்த மாத இதழுக்கு ஒரு சாட்சி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாட்சி எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மனதில் பாரமாகக் கிடந்த ஒரு காரியத்தை முதலில் இறக்கி வைக்காமல் வேறொன்றையும் எழுத முடியாது என்று தெரிந்தது. ஆகவே இதை ஒரு அறிக்கை என்றே வாசியுங்கள். தவறு செய்தவன் நான்.

நம் சபையில் ஒரு விதவைச் சகோதரி. பெயர் வேண்டாம். தையல் மிஷினை மிதித்து ஒரே மகனை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர்கள். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் பிள்ளைக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் அவர்கள் கொடுக்கிற ஜெபக்குறிப்பு ஒன்றே ஒன்றுதான். நாமும் ஜெபித்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு நாள் அந்தத் தம்பி செல்போனில் ஒரு வரி விளம்பரத் தளத்தில் ஒரு அறிவிப்பைப் பார்த்திருக்கிறான். சென்னை விமான நிலையத்தில் வேலை. மாதம் 18,000 முதல் 32,000 ரூபாய். அனுபவம் தேவையில்லை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். எண்ணை அழுத்தினான். அந்தப் பக்கம் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். மறுநாளே வாட்ஸ்அப்பில் 'இன்டர்வியூ', பத்து நிமிஷம். சாயங்காலம் வேலை நியமனக் கடிதம் வந்துவிட்டது. சிங்கமுத்திரை, ரப்பர் ஸ்டாம்பு, கையெழுத்து எல்லாம் இருந்தது. பதிவுக் கட்டணம் 1,550 ரூபாய் என்றார்கள், கட்டினான். பிறகு சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் 8,600 ரூபாய். அதற்குப் பிறகு, 'திரும்பக் கிடைக்கும் டெபாசிட்' என்று 24,500 ரூபாய்.

இந்த மூன்றாவது தொகை கேட்டபோதுதான் அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்தார்கள். "பிரதர், நீங்க பேங்க்ல இருந்தவங்க. இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

கடிதத்தைப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், பார்த்தது போலப் பாவனை செய்தேன். என் மனதுக்குள்ளும் ஏதோ நெருடியது. ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தபோது, 'இவ்வளவு ஜெபித்து வந்த பதிலை நான் சந்தேகப்பட்டால், இவர்களுடைய விசுவாசத்தை நான் அல்லவா அணைத்துப்போடுவேன்?' என்று தோன்றியது. "சிஸ்டர், கர்த்தர் வாசலைத் திறந்திருக்கிறார். பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி எழுந்து நின்று சாட்சி சொன்னான். நாமெல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் பண்ணினோம். மறுவாரம் பெட்டி படுக்கையோடு சென்னைக்குப் போனான். விமான நிலைய வாசலில் காவலுக்கு நின்றவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பொய்க் கடிதம்ப்பா" என்று சொன்னாராம். அவன் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தான். போனது 34,650 ரூபாய்.

நான்கு வாரம் தாயும் மகனும் சபைக்கு வரவில்லை. பணம் போனது ஒரு பங்கு வேதனை என்றால், எல்லார் முன்பும் சாட்சி சொன்ன வெட்கம் ஒன்பது பங்கு வேதனை. அந்த வெட்கத்துக்குக் காரணம் யார்? ஏமாற்றினவன் ஒருவன். "பயப்படாதீங்க" என்று சொன்ன நான் இன்னொருவன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. விசாரிப்பது அவிசுவாசமா? ஒருவரைச் சோதித்துப் பார்ப்பது அன்பில்லாத செயலா?

38 வருஷம் காசாளராக இருந்தவன் நான். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், விரலால் தடவிப் பார்ப்பேன். கொடுத்தவர் என் சொந்த அண்ணனாக இருந்தாலும் பார்ப்பேன். யாராவது கோபித்துக்கொண்டார்களா? இல்லையே! நல்ல நோட்டு வெளிச்சத்துக்குப் பயப்படுவதில்லை. முப்பத்தெட்டு வருஷம் நோட்டுக்குச் செய்ததை, ஒரு விதவையின் பிள்ளைக்கு வந்த கடிதத்துக்கு நான் செய்யவில்லை. அதற்கு 'விசுவாசம்' என்று பெயரும் சூட்டிவிட்டேன். உண்மையில் அது சோம்பல். கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டியவனாகி விடக்கூடாதே என்கிற கோழைத்தனமும் கூட.

யோசுவாவின் நாட்களில் கிபியோனியர் வந்த சம்பவம் நமக்குத் தெரியும். பக்கத்து ஊர்க்காரர்கள். ஆனால் தூர தேசத்திலிருந்து வந்தவர்களைப்போல வேஷம் போட்டு வந்தார்கள். கிழிந்த திராட்சரசத் துருத்தி, தைத்துப்போட்ட செருப்பு, பூசணம் பிடித்த அப்பம். இஸ்ரவேலின் தலைவர்கள் ஒன்றையும் பார்க்காமல் ஏமாந்தார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது திரும்ப வாசித்தபோது கவனித்தேன். அவர்கள் பார்த்தார்கள்! அந்த ஆகாரத்தைக் கையில் எடுத்தே பார்த்தார்கள். ஆனால் எதைப் பார்த்தார்கள்? வந்தவன் கொண்டுவந்து காட்டியதை மட்டும். கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. மூன்றே நாளில் உண்மை தெரிந்தது, அதற்குள் உடன்படிக்கை முடிந்துவிட்டது.

பிரியமானவர்களே, நானும் அதைத்தான் செய்தேன். அவன் அனுப்பிய கடிதத்தை, அவன் போட்ட முத்திரையை வைத்து அவனை நம்பினேன். ஏமாற்றுகிறவன் கொடுத்த எண்ணுக்கே போன் பண்ணி, "இது உண்மையா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? விசாரிப்பு என்றால், அவன் காட்டாத வழியாகப் போய்ப் பார்ப்பது. அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தை நாமே தேடி, அதில் இருக்கிற எண்ணுக்குப் பேசி, "இந்த வேலை உண்டா, இந்தக் கடிதம் உங்களுடையதா?" என்று கேட்பது. எனக்கு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று விமான நிறுவனங்களே பலமுறை அறிவித்திருக்கின்றன. அதைக்கூட நான் தேடிப் பார்க்கவில்லை.

நல்ல எண்ணத்தோடு நம்புவதால் மற்றவர்களுக்கு எவ்வளவு கேடு வரும் என்பதற்கு இன்னொரு சம்பவம். 2022ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 28 பேரை, ரயில்வே வேலைக்குப் பயிற்சி என்று சொல்லி டெல்லி ரயில் நிலையத்தில் நிறுத்தினார்கள். தினமும் 8 மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம், வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணுவதுதான் அந்தப் 'பயிற்சி'. ஒவ்வொருவரும் 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். அந்தப் பிள்ளைகளை அந்தக் கும்பலிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்மை செய்ய வேண்டும், தனக்கு ஒரு பைசா வேண்டாம் என்று நினைத்த 78 வயது முன்னாள் ராணுவ வீரர். உண்மை தெரிந்ததும் காவல்துறையில் புகார் கொடுத்தவரும் அவரே. ஏமாற்றுக்காரனுக்குத் தன் முகம் போதாது. அவனுக்கு ஒரு நல்ல மனுஷனுடைய முகம் வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் என் முகத்தை அவன் இரவல் வாங்கிக்கொண்டான்.

"பேராசை பிடித்தவன்தான் ஏமாறுவான்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 18,000 ரூபாய் சம்பளத்துக்கு ஆசைப்படுவது பேராசையா? அம்மாவின் மிஷின் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைப்பது பாவமா? தேவை இருக்கிற இடத்தைத்தான் அவன் மோப்பம் பிடித்து வருகிறான்.

இனி, நான் காலதாமதமாகக் கற்றுக்கொண்டவைகளை எழுதுகிறேன். வாலிபப் பிள்ளைகள் இருக்கிற வீட்டார் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான், பணம் கேட்க மாட்டான். பதிவு, சீருடை, பயிற்சி, லேப்டாப், டெபாசிட், மெடிக்கல் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் நின்றுவிடுங்கள். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. அது அரசின் இணையதளத்தில்தான் கட்டப்படும், தனி மனிதனுடைய யுபிஐ எண்ணுக்குப் போகாது.

2. 'இன்றைக்குள் கட்டு, இல்லாவிட்டால் இடம் போய்விடும்' என்று அவசரப்படுத்தினால், அதுவே அடையாளம். கேள்வி கேட்டவுடன் கோபப்பட்டால் இன்னும் தெளிவான அடையாளம்.

3. மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மத்திய, மாநில அரசு அலுவலக முகவரிகள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்', 'நிக் டாட் இன்' என்று முடியும். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு ஜிமெயிலில் கடிதம் அனுப்பினால் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு எழுத்தை மாற்றியும் ஏமாற்றுவார்கள்.

4. வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் இழுப்பார்கள். முதலில் நூற்றைம்பது, இருநூறு என்று உண்மையாகவே வரும். அது தூண்டில் புழு. பிறகு 'முன்பணம் கட்டினால் அதிக லாபம்' என்பார்கள். திரையில் தொகை ஏறும், கைக்கு வராது. இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட தளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. இன்னும் புதுப்புதுப் பெயரில் வருகிறார்கள்.

5. டேட்டா என்ட்ரி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, 'தப்பு இருக்கிறது, நஷ்டஈடு கட்டு, கோர்ட்டுக்கு இழுப்போம்' என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. பயந்து பணம் அனுப்பாதீர்கள். ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

6. 'உன் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு' என்பதும் வேலை அல்ல. அது வேறொரு தாய் அடகு வைத்த கம்மலின் பணம். போலீஸ் முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். இங்கே ஏமாறுவது மட்டும் அல்ல, ஏமாற்றுகிறவனுக்குக் கைக்கருவியாவதும் நடக்கிறது. ஓடிபி, ஏடிஎம் அட்டை, கணக்குப் புத்தகம் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

7. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜெண்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. 'டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்றால் போகவே போகாதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் அடைத்து வைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அங்கே செய்யச் சொல்லும் வேலை என்ன? இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றுவது! மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேர் இப்படி அகப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

ஒருவேளை பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. 'போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்' என்று வருகிறவனும் திருடன்தான்.

நம் தம்பி இதையெல்லாம் செய்தானா? பதினைந்து நாள் கழித்துத்தான் செய்தான். அதுவரை வெளியே சொல்ல வெட்கம். அந்தப் பதினைந்து நாளும் திருடனுக்கு லாபம். ஆகவே சபையாரே, யாராவது இப்படி ஏமாந்து வந்தால், "எப்படிப்பா இதை நம்பினே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவன் ராத்திரி முழுவதும் தனக்குத்தானே கேட்டிருப்பான். "வா, சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம்" என்று சொல்லுங்கள்.

நான்காவது வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கம்மலை மீட்கும் செலவில் பாதி என்னுடையது என்றேன். அந்தத் தாய் வேண்டாம் என்றார்கள். "சிஸ்டர், இது தர்மம் இல்லை, என் கடன்" என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். தம்பி மட்டும் ஒன்று கேட்டான். "அங்கிள், அப்போ கர்த்தர் வாசலைத் திறக்கலையா?" என்னிடம் உடனே பதில் இல்லை. பிறகு சொன்னேன்: "தம்பி, உங்க அம்மாவுக்கு வந்த பயம் இருக்கே, அதுதான் அவர் கொடுத்த எச்சரிப்புன்னு நான் நினைக்கிறேன். அதைத் தட்டி அடக்கினது நான்."

போன மாதம் நம் வாலிபர் கூட்டத்தில் ஒரு சகோதரிக்கு மதுரையில் ஒரு மருத்துவமனையிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. சந்தோஷத்தோடு ஓடி வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தோம். எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசியது யார்? அதே தம்பிதான்! ஏழு கேள்வி கேட்டான். அந்தப் பக்கத்து அலுவலர் ஒன்றுக்கும் கோபப்படவில்லை. "நல்லா விசாரிச்சுட்டே வாங்க" என்றாராம். கடிதம் உண்மை. அவள் இப்போது அங்கே வேலை செய்கிறாள்.

பார்த்தீர்களா, விசாரித்ததால் ஒரு வாசலும் அடைபடவில்லை. மெய்யான வாசல், தட்டிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் திறக்கிறது. ஜெபிக்கிற முழங்கால் நமக்கு வேண்டும், விசாரிக்கிற வாயும் வேண்டும். அடுத்த தடவை யாராவது ஒரு கடிதத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்து, "இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால், தயவுசெய்து பாருங்கள். என்னைப்போலப் பார்த்தது போல இருந்துவிடாதீர்கள்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.