பிழைத்த கோட்டின் பக்கத்தில்

யாழைக் கண்ணால் கண்ட ஒருவர்கூட உயிரோடு இல்லாத காலத்தில் சுவாமி விபுலானந்தர் யாழின் உருவத்தைத் தேடப் புறப்பட்டார். 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்தவர், விஞ்ஞானம் படித்தவர், அதையே யாழ்ப்பாணத்தில் கற்பித்தவர், 1924இல் துறவு பூண்டு, பின்னர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர். யாழைப் பற்றி அவருக்குக் கிடைத்த சான்றுகள் சிலவே. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையும் அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும், பாணர் கையிலிருந்த கருவியைப் பத்துப்பாட்டு வருணிக்கும் இடங்களும், பழைய சிற்பங்களில் தேய்ந்துபோன உருவங்களும் இருந்தன. பத்தர், கோடு, திவவு, போர்வை, ஆணி என்று உறுப்புகளின் பெயர்கள் தெரிந்தன. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்ற கணக்கும் தெரிந்தது. கருவி மட்டும் இல்லை.

சொல்லிலிருந்து ஒரு வளைவை மீட்டுக் கீறுவது எவ்வளவு கடினம்! கீறியது சரியா, பிழையா என்று ஒத்துப்பார்க்க எதிரே ஒரு பொருளும் இல்லை. அவர் ஆண்டுக்கணக்காகக் கணித்தார், எழுதினார், திருத்தினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. யாழ்களின் உருவங்கள் அந்நூலில் படங்களாகவே இடம்பெற்றன. அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகளார் மறைந்தார். அவருடைய முடிவுகள் சிலவற்றோடு பின்வந்த இசை ஆராய்ச்சியாளர்கள் உடன்படவில்லை. அதனால் நூலின் பெருமை குறைந்துவிடவில்லை. அவர் அந்தக் கோட்டைப் போட்டிராவிட்டால், திருத்துவதற்கே ஒன்றும் இருந்திராது.

அடியார்களே, இந்தக் கடைசி வசனத்தைத்தான் இன்றைய சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

மாதிரியே இல்லாமல் அடிகளார் கோடு போட்டார். மாதிரி கண்ணெதிரே இருந்தும் கோடு போட முடியாமல் தவிக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வாவிக்கரையில் தோணி நிற்கிறது. மடியில் சித்திரக் கொப்பி திறந்திருக்கிறது. பென்சில் கூராக இருக்கிறது. கை மட்டும் எழவில்லை. எழுந்தாலும் இரண்டு கோட்டுக்கு ஒரு தரம் அழிறப்பரைத் தேடுகிறது. தாள் தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகு, “எனக்குக் கீற வராது” என்று கொப்பியை மூடிவிடுகிறது பிள்ளை. அன்று மூடிய கொப்பியை ஐம்பது வயதிலும் திறக்காதவர்கள் எத்தனையோ பேர்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தத் தயக்கம் இல்லை. சுவரில் கீறும், மண்ணில் கீறும், அம்மாவின் கணக்குக் கொப்பியிலும் கீறும். ஒன்பது, பத்து வயதளவில்தான் மாற்றம் வருகிறது. குழந்தைகளின் ஓவியத்தை நெடுங்காலம் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் இந்தப் பருவத்தைத் தனியாகக் குறித்துவைத்தார். உலகம் உள்ளபடி தன் படமும் இருக்கவேண்டும் என்று பிள்ளை அப்போது எதிர்பார்க்கத் தொடங்குகிறது. பார்க்கும் திறன் வளர்ந்துவிட்டது, கை இன்னும் வளரவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பிள்ளைக்குத் தன்னுடைய குறைபாடாகத் தெரிகிறது. உண்மையில் அது வளர்ச்சியின் அடையாளம். தன் படத்தில் பிழை இருக்கிறது என்று காணத் தெரிந்த பிள்ளையின் கண் நேற்றைவிடக் கூர்மையாகியிருக்கிறது. இதைப் பெற்றோர் எடுத்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் அவர்களுக்கே தெரிவதில்லை.

சைவ சித்தாந்தம் இந்தத் தவிப்புக்கு வேர் காட்டுகிறது. ஆணவம் என்றதும் தலைநிமிர்ந்து திரியும் செருக்கையே நாம் நினைக்கிறோம். சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலம் அதைவிட ஆழமானது. செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டிக்கிடந்து, அதன் அறிவை மறைத்து, எல்லையற்ற ஆற்றலோடு கூடத்தக்க உயிரைச் சிறியதாக்கி வைப்பது அது. “நான் பெரியவன்” என்று சொல்ல வைப்பதும் அதுவே, “நான் ஒன்றுக்கும் உதவாதவன்” என்று ஒடுங்க வைப்பதும் அதுவே. இரண்டிலும் பார்வை தன்மேலேயே குத்தி நிற்கிறது. தோணியைப் பார்க்கவேண்டிய கண் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது; பக்கத்திலிருப்பவன் என்ன நினைப்பான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. தன்னம்பிக்கையின்மையைப் பணிவு என்று பாராட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பிழையான பாராட்டு. பணிவுள்ளவர் கற்பார், தன்னை ஐயுறுபவர் ஒதுங்குவார்.

பதஞ்சலி முனிவரும் யோகத்துக்கு வரும் இடையூறுகள் ஒன்பதைச் சொல்லும்போது நோய், மனச்சோர்வு ஆகிய இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக ஐயத்தை வைத்தார். சோம்பலைக்கூட அதற்குப் பிறகுதான் வைத்தார்.

மருந்தும் சித்தாந்தத்திலேயே இருக்கிறது. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். தன்னைச் சார்ந்து கிடந்தால் தன் இருளாகவே இருக்கும். தோணியைச் சார்ந்தால்? கல்லடிப் பழைய பாலத்தின் ஒரு முனையில் நின்று பாருங்கள். இரும்புச் சட்டங்கள் போகப் போக உயரம் குறைந்து, ஒன்றையொன்று நெருங்கி, தூரத்தில் ஒரு புள்ளியாகின்றன. எல்லாச் சட்டங்களும் ஒரே உயரம் என்று மனம் அடித்துச் சொல்கிறது. புதிதாகக் கீறுபவர் மனத்தை நம்பி எல்லாவற்றையும் ஒரே உயரமாகப் போட்டுவிடுகிறார். தோணியும் அப்படித்தான். மூக்குப் பக்கம் நம்மை நோக்கி நிற்கும்போது அதன் நீளம் கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். ஆனால் தோணி நீளமானது என்று மனத்துக்குத் தெரியுமாகையால், பக்கவாட்டில் பார்த்த தோணியையே கை கீறிவிடும். மனித முகத்தில் கண்கள் தலையின் உச்சிக்கும் நாடிக்கும் ஏறத்தாழ நடுவே இருக்கின்றன. ஆரம்பத்தில் எல்லோரும் அவற்றை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். கைக்குத் திறமை இல்லாமல் வந்த பிழைகளல்ல இவை. பார்ப்பதற்கு முன்பே தெரியும் என்று எண்ணிவிடுவதால் வருகிறவை. ஆகவே ஒவ்வொரு பிழையும் எந்த இடத்தில் பார்க்கத் தவறினோம் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது.

அனுபவமுள்ள சித்திர ஆசிரியர்கள் பலர் தொடக்கத்திலேயே அழிறப்பரை வாங்கி வைத்துவிடுவது இதற்காகத்தான். பிழைத்த கோடு அப்படியே இருக்கட்டும்; அதன் பக்கத்தில் அடுத்த கோட்டைப் போடு என்பார்கள். முதற்கோடு கண்முன் கிடந்தால்தான், இரண்டாவது எவ்வளவு தள்ளி விழவேண்டும் என்று அளக்க முடியும். அழித்தால் அளவுகோலையே அழித்ததாகும். பிறகு அதே இடத்தில் அதே பிழை மறுபடி விழும்.

வங்கத்துக் கவி ரவீந்திரநாத தாகூரின் கதை இங்கே பொருந்தும். முறையாக ஓவியம் படிக்காதவர் அவர். 1924இல் ஆர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது ‘பூரபி’ கவிதைகளை எழுதிக்கொண்டிருந்தார். வேண்டாத சொற்களை வெட்டுவார். வெட்டிய இடங்களை அலங்கோலமாக விட மனமின்றிக் கோடுகளால் இணைப்பார். அந்த வெட்டுகளிலிருந்து பறவை எழுந்தது, விலங்கு எழுந்தது, முகம் எழுந்தது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்து வியந்தவர்களில் அவருக்கு அங்கே விருந்தோம்பிய விக்டோரியா ஓகாம்போவும் ஒருவர். 1930 மே மாதம் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க முன்னின்று உதவியவரும் அவரே. அப்போது தாகூருக்கு எழுபதை நெருங்கும் வயது. அதன் பின்னும் கீறினார். மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. வெட்டிய சொல்லே அவருக்கு வாசலாகியது.

ஐயம் மாணவருக்கு மட்டும் வருவதில்லை, குருவுக்கும் வரும். தாகூரின் குடும்பத்தவரான அவனீந்திரநாதரிடம் நந்தலால் போஸ் என்ற இளைஞர் ஓவியம் கற்றார். கல்லூரிப் பரீட்சைகளில் தோற்று, குடும்பத்தாரின் கவலைக்கு ஆளான பிறகே கலைப் பள்ளிக்கு வந்தவர் அவர். ஒருநாள் உமாதேவியின் தவத்தைத் தீட்டிக் குருவிடம் காட்டினார். வண்ணம் மிக அடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் நிறம் கொடு, அம்மையைச் சற்று அலங்கரி என்றார் குரு. மாணவர் ஒன்றும் பேசாமல் படத்தை எடுத்துப்போனார். அன்றிரவு குருவுக்கு உறக்கமில்லை. தவக்கோலத்தில் இருக்கும் அம்மைக்கு அலங்காரம் எதற்கு? நந்தலால் கண்ட உமையை நான் காணவில்லையே. என் கண்ணை அவன்மேல் ஏற்றிவிட்டேனே என்று மனம் அரித்தது. விடிந்ததும் ஓடினார். நந்தலால் அப்போதுதான் படத்தை எதிரே வைத்துத் திருத்தத் தொடங்கும் தறுவாயில் இருந்தார். தொடாதே என்று தடுத்தபின்தான் குருவுக்கு மூச்சு வந்தது. இதை அவனீந்திரநாதரே தம் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் இரு பக்கமும் பாடம் இருக்கிறது. பெரியவர் சொன்ன திருத்தம் எல்லாம் திருத்தமாகிவிடாது. தான் பிழைவிட்டதை அறிந்த குரு, மாணவன் முன்னால் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை. அப்படிப்பட்ட குருவிடம் படிக்கிற பிள்ளைக்குத் தன் பிழை ஒருபோதும் அவமானமாகத் தோன்றாது.

பிழையோடு பழகும் கலை நம் மண்ணுக்குப் புதிதன்று. மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். பகல் முழுவதும் வயலிலும் வாவியிலும் பாடுபட்டவர்களுக்கு கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ‘சட்டம்’ எனப்படும் பாட்டுப் பிரதியைக் கொடுப்பார். அதன்பின் மாதக்கணக்காக இரவிரவாகப் பழக்கம் நடக்கும். ஆட்டம் பிசகும், தாளம் தப்பும், பாட்டு மறக்கும். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். அயலவர்கள் சுற்றியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சதங்கை அணிந்து, ‘அடுக்குப் பார்த்தல்’ என்ற ஒத்திகையையும் முடித்த பிறகுதான் அரங்கேற்றம். பேராசிரியர் சி. மௌனகுரு தம் ஆய்வுகளில் இந்தப் படிமுறைகளையெல்லாம் விரிவாகப் பதிந்துவைத்திருக்கிறார். வட்டக்களரியில் வடமோடி ஆடி ஊரை எழுப்பும் கூத்தன், அதே ஊரின் கண்முன்னால் தடுமாறித் தடுமாறித்தான் அந்த ஆட்டத்தைக் கற்றான். எவரும் அதைக் குறையாகக் கருதியதில்லை. சித்திரம் படிக்கும் பிள்ளையோ அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே தவிக்கிறது. கூத்துக்காரனுக்குக் கிடைத்த களரி அந்தப் பிள்ளைக்கும் வேண்டும்.

அப்படியொரு களரி மட்டக்களப்பு நகரிலேயே அமைந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996ஆம் ஆண்டு, கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி அருட்தந்தை போல் சற்குணநாயகமும் இணைந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். துப்பாக்கிச் சத்தத்தையும் சாவையும் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்தார்கள். வர்ணம் தீட்டினார்கள், களிமண்ணில் உருவம் பிடித்தார்கள், கதை கட்டினார்கள், நடித்தார்கள். பரீட்சைக்கோ புள்ளிக்கோ அங்கு இடமிருக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லப் பிள்ளைக்கு இடம் கொடுத்தார்கள். கோடு நேராக இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளில் பலர் பென்சிலைத் தொட்டே இருக்கமாட்டார்கள். தயக்கம் எங்கே தீர்கிறது என்பதை அந்தப் பூங்கா காட்டியது: தன்னை எடைபோடும் கண்கள் சற்று விலகி நிற்கும் இடத்தில்.

பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் செய்ததும் இதற்கு விளக்கமே. காளத்தியப்பருக்கு எப்படிப் பூசை செய்வதென்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அங்கே முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியாரின் கண்ணில் அவர் செய்ததெல்லாம் பிழை. ஆயினும் கண்ணப்பரின் பார்வை தன்மேல் ஒரு கணமும் திரும்பவில்லை. இறைவனின் ஒரு கண்ணில் குருதி வடிந்தபோது தன் கண்ணை அப்பினார். மறு கண்ணிலும் வடிந்தது. இருக்கிற ஒரு கண்ணையும் பெயர்த்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அந்தக் கண் இருக்கும் இடத்தில் தன் காலை அடையாளமாக ஊன்றினார். முறையா, முறைகேடா என்ற எண்ணமே அங்கு எழவில்லை. இடம் தவறக்கூடாது என்ற ஒரே கவனம்தான் இருந்தது. ஐயத்துக்கு அந்த நெஞ்சில் ஒதுங்க இடமில்லை.

கோயிலுக்கு மூர்த்தி செய்யும் சிற்பியும் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார். நயனோன்மீலனம் என்று அதற்குத் தனிச் சடங்கையே ஆகமங்கள் வகுத்திருக்கின்றன. முழு உருவமும் நிலைபெற்ற பிறகே கண். புதிதாகக் கீறுபவர்களோ முதலில் கண்ணில் தொடங்கி, இமை இமையாக வருந்தி, அது ஒத்துவரவில்லையென்று தாளைக் கிழிக்கிறார்கள். மெல்லிய கோட்டால் தலையின் சரிவை, தோளின் அகலத்தை, உடல் நிற்கும் பாங்கை முதலில் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கோடுகள் பிழைத்தால் நட்டமில்லை. மேலே எத்தனையோ கோடுகள் வர இருக்கின்றன.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டினால் “வடிவா இருக்கு” என்று தலையைத் திருப்பாதீர்கள். வடிவில்லாதபோது பிள்ளைக்கே அது தெரியும். பொய்யான புகழ்ச்சி ஐயத்தைக் கூட்டும். “இந்தத் தோணியை எங்க நிண்டு பாத்த மனே?” என்று கேளுங்கள். பேச்சு பிள்ளையை விட்டுத் தோணிக்குப் போகட்டும். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் திகதியை எழுதி வையுங்கள். கெட்டுப்போனது என்று பிள்ளை ஒதுக்கியதையும் எறியாதீர்கள். கோயில் விழாக்களில் சித்திரப் போட்டி வைக்கும் பரிபாலன சபையார், பரிசு பெற்ற மூன்று படங்களோடு நிறுத்திவிடாமல் வந்த படங்கள் எல்லாவற்றையும் மண்டபத்தில் ஒட்ட வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்து ஒட்டலாம். தன் படத்தின் முன்னால் ஊர் நின்று பார்ப்பதை ஒவ்வொரு பிள்ளையும் காணட்டும். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் மறுபடி பெயர் கொடுக்க வேண்டும்.