நீரை இழுக்காத நீர் மாத்திரை

கீழ்பென்னாத்தூர் பக்கத்து வீடுகளில் ‘நீர் மாத்திரை’ என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். வீங்கிய கால்களோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்த பிறகும் அது நிரம்பச் சற்று நேரமாகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. மாத்திரை கொண்டுவரும் பெண், “நீர் மாத்திரைய காலையிலயே போட்டுடுங்க ஆயா, பொழுது சாஞ்சி போட்டா தூக்கம் போயிடும்” என்பார். சரியான பேச்சு. ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையை விழுங்கினால் சுமார் 6 மணி நேரம் வேலை செய்யும்.

ஆனால் அந்த மாத்திரை நீரை இழுப்பதில்லை. சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது. வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மிச்சமெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. கழிப்பதைவிட மீட்பதில்தான் அதன் உழைப்பு அதிகம். உப்பு திரும்பும் வழியில் நீரும் திரும்பும். மாத்திரை அந்த வழியை ஓரிடத்தில் அடைக்கிறது, அவ்வளவே.

எந்த இடம் என்பதில்தான் சூட்சுமம். சிறுநீரகக் குழலின் முதல் பகுதி சோடியத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்கிறது. அங்கே அசிட்டசோலமைடு தடுத்தால் நீர் கொட்டும் என்று தோன்றும், கொட்டாது. தப்பியதைப் பின்னால் உள்ள பகுதிகள் அள்ளிக்கொள்கின்றன. ஹென்லி வளைவின் ஏறுபகுதி மீட்பது கால் பங்கு. ஃபுரோசமைடு தடுப்பது அங்கே. அதைத் தாண்டிவிட்ட அவ்வளவு உப்பையும் மீட்கும் திராணி அப்பால் எதற்கும் இல்லை. இதயம் தளர்ந்து மூச்சுத் திணறி வருகிறவருக்கு ஃபுரோசமைடு ஊசியைப் போடுவது இதனால்தான். அடுத்த பகுதியைத் தடுக்கும் தயாசைடு வகை சாதுவானது, ரத்தக்கொதிப்புக்குப் போதும். கடைசிக் குழலில் 2, 3 விழுக்காடுதான் மிச்சம். அங்கே ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன் பிரிக்கிற நீர் கொஞ்சம். பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவிடும். ஆனால் 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், இதயம் கடுமையாகத் தளர்ந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு அதைச் சேர்த்தபோது மரணம் 30 விழுக்காடு குறைந்தது. பிரிகிற நீரை அளந்து மருந்தின் தரத்தைச் சொல்லிவிட முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. உடம்பு வற்றிவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. காப்பாற்றத்தான் உப்பையும் நீரையும் சேர்க்கிறது. ஆயாவின் காலில் விழும் குழி அந்த விசுவாசத்தின் தடயம். மாத்திரை போட்டபின்னும் சிறுநீரகம் ஓய்வதில்லை. மருந்தின் வேகம் தணிந்ததும் காலையில் இழந்த உப்பை மாலையில் மீட்கப் பார்க்கும். அந்த நேரம் தட்டில் கருவாடும் மோர் மிளகாயும் இருந்தால் மாத்திரை பட்ட பாடெல்லாம் வீண். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு.

வீக்கம் வடியவில்லை என்று நீங்களாக இன்னொரு மாத்திரை போடாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு கண்ட நாளிலும், வெயிலில் மணிலா பிடுங்கிவிட்டு வந்து தலை சுற்றும் நாளிலும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்கச் சொன்னால் அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.