விழுவதற்கும் திட்டம் போடு!

தோற்றுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? இருக்கட்டும்!

அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இதுவரை என்ன செய்தாய்? அதைச் சொல். போர்த்திக்கொண்டு படுத்தாயா? எழுந்து உட்கார்ந்து ஒரு வழி தேடினாயா?

மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் கலத்தை வடிவமைக்கிறார்களே, அவர்களைப் பார். பயப்படுவதுதான் அவர்களுடைய அன்றாட வேலை!

எஞ்சின் பாதியில் அணைந்தால்? ராக்கெட் திசை மாறினால்? பாராசூட் விரியாமல் போனால்?

கேள்வியோடு அவர்கள் நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி செய்து பதில் சொல்கிறார்கள். பதில் கிடைக்காதவரை உள்ளே ஓர் உயிரை உட்கார வைக்க மாட்டார்கள்.

இஸ்ரோவின் ககன்யான் திட்டம் என்ன? மூன்று வீரர்களைச் சுமார் 400 கி.மீ. உயரத்துக்கு அனுப்பி, மூன்று நாள் கழித்துக் கடலில் பத்திரமாக இறக்க வேண்டும்.

வீரர்கள் அமரும் கலத்தின் உச்சியில் கோபுரம்போல் ஒன்று நிற்கும். அதுதான் தப்பிப்பு அமைப்பு. எல்லாம் நல்லபடியாக நடந்தால் அதற்கு வேலையே இல்லை. ராக்கெட்டில் கோளாறு வந்தால், கலத்தை அப்படியே பிய்த்துக்கொண்டு தூரப் பறந்துவிடும்.

தோல்விக்கென்றே ஓர் இயந்திரம்!

அதை முதன்முதலில் எப்போது சோதித்தார்கள் தெரியுமா? 2018 ஜூலை 5. ககன்யான் பற்றி டெல்லி செங்கோட்டையில் அறிவிப்பு வந்தது எப்போது? அதே ஆண்டு ஆகஸ்ட் 15.

முதலில் தப்பும் வழி. பிறகுதான் அறிவிப்பு!

நீ என்ன செய்கிறாய்? ஊரெல்லாம் சொல்லிவிட்டுத் தொடங்குகிறாய். முதல் தடை வந்ததும் கையைப் பிசைகிறாய். தடை வரும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தும் ஏன் தயாராகவில்லை?

2023 அக்டோபர் 21. ஸ்ரீஹரிகோட்டா. அந்தத் தப்பிப்பு அமைப்பைப் பறக்கும் ராக்கெட்டிலிருந்து சோதித்துப் பார்க்கும் நாள். வானிலை சரியில்லை, காலை 8 மணிக்கு இருந்த ஏவுதல் 8.45-க்குத் தள்ளிப்போனது. நாடே தொலைக்காட்சி முன்னால் காத்திருக்கிறது. கவுண்ட்டவுன் ஓடுகிறது. ஏவுதலுக்கு 5 நொடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது!

யோசித்துப் பார். அத்தனை கண்களுக்கு முன்னால் நின்றுபோனால் உனக்கு எப்படி இருக்கும்? ஒரு நேர்காணலில் நாக்குக் குழறியதற்கே அடுத்த நேர்காணலுக்குப் போகாதவன்தானே நீ?

அவர்கள் ஓடி ஒளியவில்லை. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் முன்வந்து, ஏவுதல் நின்றதை வெளிப்படையாகச் சொன்னார். கோளாறைக் கண்டுபிடித்தார்கள். சரிசெய்தார்கள்.

அன்றே, காலை 10 மணிக்கு, ராக்கெட் பறந்தது!

சுமார் 12 கி.மீ. உயரம். ஒலியைவிட அதிக வேகம். அந்த வேகத்தில் தப்பிப்பு அமைப்பு வெடித்துக் கிளம்பி, ஆளில்லாக் கலத்தை இழுத்துச் சென்றது. பாராசூட்டுகள் விரிந்தன. கலம் வங்காள விரிகுடாவில் இறங்கியது. கடற்படை மீட்டு வந்தது.

8.45-க்கு நின்றது. 10 மணிக்கு வென்றது. ஒன்றேகால் மணி நேரத்தில் எழ முடிந்தது அவர்களுக்கு. நீ ஏன் வருடக்கணக்கில் விழுந்தே கிடக்கிறாய்?

பாராசூட் கதையையும் கேள். ககன்யான் கலத்தில் மொத்தம் 10 பாராசூட்டுகள். கடைசியில் விரியும் பெரியவை மூன்று. பத்திரமாக இறங்க இரண்டே போதும்! பிறகு மூன்றாவது எதற்கு? ஒன்று கைவிட்டாலும் உயிர் போகக் கூடாது என்பதற்கு!

2022 நவம்பரில் ஜான்சி அருகே பபீனாவில் 5 டன் எடையை விமானத்திலிருந்து கீழே போட்டார்கள். மூன்றில் ஒன்று விரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை, அப்படியே நடத்திப் பார்த்தார்கள். மற்ற இரண்டும் எடையைத் தாங்கி இறக்கின!

தோல்வி வாசலுக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஆள் அனுப்பி அழைத்து வந்து மோதிப் பார்த்தார்கள்!

உன் மூன்றாவது பாராசூட் எங்கே? தேர்வில் தவறினால் அடுத்து என்ன? கடன் கிடைக்காவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவாய்? யோசிக்கவே இல்லை என்றால், நீ சொல்லும் பயம் பயமே இல்லை. சோம்பல்!

"காலம் கடந்துவிட்டது" என்கிறாயா?

2022-க்குள் வீரர்கள் பறப்பார்கள் என்றுதான் ககன்யானுக்கும் நாள் குறித்தார்கள். அந்த ஆண்டு வந்தது, போனது. வீரர்கள் பறக்கவில்லை. கடையை மூடினார்களா? பாதுகாப்பில் குறை வைத்து அவசரப்பட்டார்களா? இரண்டும் இல்லை. சோதனைமேல் சோதனை நடத்திக்கொண்டே இருந்தார்கள்.

நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், 2022 ஜனவரியில், ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை 720 நொடி விடாமல் எரித்தார்கள். உண்மையான பயணத்தில் அவ்வளவு நேரம் எரிய வேண்டியதே இல்லை! தேவைக்கு மேலும் தாங்குமா என்று பார்த்தார்கள்.

நீ தேவையான அளவாவது எரிந்தாயா? பத்து நாள் படித்துவிட்டு "எனக்கு வராது" என்றால் எப்படி? இரண்டு மாதம் கடை நடத்திவிட்டு "ராசியில்லை" என்றால் எப்படி?

ராசியை நம்பி யாரும் ராக்கெட்டில் ஏறுவதில்லை. உழைப்பை நம்பி ஏறுகிறார்கள்!

"அவர்கள் பெரிய விஞ்ஞானிகள், நான் சாதாரண ஆள்" என்று நழுவாதே. அவர்களும் ஒருநாள் கணக்கைத் தப்பாகப் போட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள்தான்! தவறைத் திருத்தி மறுபடி போட்டார்கள். அந்தப் பழக்கம் உனக்கு மட்டும் வராதா?

இன்றே ஒரு தாளை எடு. எதற்கெல்லாம் பயப்படுகிறாயோ, ஒன்றுவிடாமல் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நடந்தால் என்ன செய்வாய் என்று எழுது. பதில் தெரியாத இடத்தில் தெரிந்தவரைப் போய்க் கேள். கூச்சமா? தூக்கிப் போடு!

பிறகு சிறியதாக ஒரு சோதனை வை. தோற்றுப் பார். எங்கே உடைந்தது என்று கண்டுபிடி. அந்த இடத்தை இரும்பாக்கு. மறுபடி போ!

பயம் போன பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் கடைசிவரை தரையில்தான் நிற்பாய். பயம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தயார் செய். பயத்தோடே கிளம்பு!

உன்னால் முடியும். எழுந்து வேலையைப் பார்!