திதி தெரியாதவர்கள்

டிசம்பர் வந்தால் 1971 போரைப் பேசுகிறோம். டாக்காவில் சரணடைந்தவர்கள் 93,000 பேர் என்று பலரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். காணாமல் போய்த் திரும்பாத நம் ஆட்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் 54 பேர். அதை அறிந்தவர்கள் சொற்பம்.

*

ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே. டிசம்பர் 5 அன்று அவர் ஓட்டிச் சென்ற சுகோய் விமானம் பாகிஸ்தானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மனைவி தமயந்தி தேசிய பாட்மின்டன் சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பிடிபட்ட இந்திய விமானிகளைப் பற்றிப் பாகிஸ்தான் நாளிதழ் ஒன்றில் வந்த செய்தியில் 'டோம்பே' என்றொரு பெயர். ஓரெழுத்து மாறியிருந்தது. அது தாம்பேதான் என்று குடும்பம் நம்பியது. நானும் நம்பியிருப்பேன்.

*

மேஜர் அசோக் சூரி போரில் பலியானதாகப் பதிவாகியிருந்தது. 1974 டிசம்பர் கடைசியில் அவருடைய தந்தைக்கு ஒரு கடிதம் வந்தது: நலமாக இருக்கிறேன் என்று, மகனின் கையெழுத்தில். பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்தைச் சோதித்தது. 'பலி' என்றிருந்த பதிவு 'காணவில்லை' என்று மாறியது. அந்தச் சொல்லையும் நல்ல சேதியாக ஏந்திக்கொள்ளும் நிலை ஒரு தகப்பனுக்கு வந்தது.

*

ஏழு ஆண்டு சேதி இல்லாவிட்டால் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்கிறது நம் சாட்சியச் சட்டம். எந்த நாளில் இறந்தார் என்று அது சொல்லாது. நாள் தெரியாமல் எந்தத் திதியில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? சுமங்கலியா இல்லையா என்று தெரியாமல் விசேஷ வீட்டுக்கு எப்படிப் போவது? போகாமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ.

*

2007இல் உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். தேடியவர்கள் கிடைக்கவில்லை. அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்பதே பாகிஸ்தானின் பதில்.

அவர்களில் எவரேனும் இன்று உயிரோடு இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். தேடிய பெற்றோரில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி ஒருவரும் திரும்பி வராமல் போகலாம். ஆனாலும் அன்றைய சிறைப் பதிவேடுகளையும் புதைத்த இடங்களின் குறிப்புகளையும் இரண்டு அரசுகளும் திறந்து காட்ட வேண்டும். மிச்சமிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தேதியாவது கிடைக்கட்டும்.